அரைமாத்திரை எழுதிய ஃபாரம்

கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். எல்லோருக்கும் அவர் அரைமாத்திரை. குழந்தைகளுக்கு மாத்திரையைப் பாதியாக வெட்டிக் கொடுக்க வேண்டி வரும் இல்லையா, அதைச் சவர பிளேடால் வெட்டுவார். ஒரே வெட்டு. பொடி உதிராது, ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் கடுகளவு வித்தியாசம் இருக்காது. மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் மெஷின்கூட இப்படி வெட்டாது என்றார். உங்கள் மெஷினை யாரும் பின்னால் நின்று திட்டுவதில்லை, அதனால்தான் என்றார் இவர். உள் அறையிலிருந்து டாக்டரம்மா இருமுகிற சத்தம் கேட்டது.

வயது ஐம்பத்தாறு. அதில் முப்பத்தோரு வருஷம் டாக்டரம்மாவிடம். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற வேலையில் இருந்தபோது கையைக் கிழித்துக்கொண்டு அந்தக் கிளினிக்குக்கு முதல் தடவை வந்தார். டாக்டரம்மா வலது கையில் தையல் போட்டுக்கொண்டிருக்க, இவர் இடது கையால் பஞ்சை எடுத்து எடுத்து நீட்டினார், கேட்பதற்கு முன்னாலேயே. ஆறாவது தையலில் டாக்டரம்மா, கண்ணாடி வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடிக்கவில்லை என்றார். இன்டர்வியூ அவ்வளவுதான். கம்பவுண்டர் ஆகிவிட்டார்.

கிளினிக் என்றால் மூன்று அறை. முன்னால் பத்து நாற்காலி, அதில் ஒன்று ஆடும், பழக்கப்பட்டவர்கள் அதில் உட்கார மாட்டார்கள். நடுவில் இவருடைய மருந்து அறை, கை மட்டும் நுழைகிற மாதிரி ஒரு ஜன்னல். பின்னால் டாக்டரம்மாவின் அறை. டாக்டரம்மாவுக்கு அறுபத்தெட்டு. குள்ளமான ஆள், குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் போகும். குடும்பம் என்று தனியாகக் கிடையாது. காலையில் கிளினிக், மத்தியானம் வீடு வீடாகப் போவது. படுக்கையோடு படுக்கையாகிவிட்டவர்கள், ஆஸ்பத்திரி கைவிட்டு வீட்டுக்கு அனுப்பினவர்கள், இனி ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டவர்கள், இவர்கள் வீட்டுக்குத்தான் அதிகம் போவார். காரை அரைமாத்திரை ஓட்டுவார். பெட்டியும் அவர் கையில்தான்.

ஃபாரம் நிரப்புகிற வேலை ஆரம்பத்தில் இவரிடம் இல்லை. இவர் வந்த மூன்றாம் வருஷம் தடுப்பூசி ஆபீசிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் எப்போதாவது நின்றதா என்று கேள்வி. டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி எழுதினார். போன மாதம் கரண்ட் போய் நாலு மணி நேரம் நின்றது, அந்த மருந்தை எல்லாம் கொட்டிவிட்டேன் என்று. கொட்டினதற்கு இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தாரோ என்னவோ. பதினோரு மாதம் இழுத்தடித்தார்கள். ஏன் நின்றது, எப்படி நின்றது, நின்றபோது யார் பொறுப்பில் இருந்தது என்று கேள்வி மேல் கேள்வி. அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தவர் அரைமாத்திரைதான். கடைசியில் அங்கே இருந்த ஒரு கிளார்க் இரக்கப்பட்டு ஒரு சங்கதி சொன்னார். இன்னொரு டாக்டரின் ஃபிரிட்ஜ் மூன்று வாரமாக ஓடவே இல்லை, ஆனால் ஃபாரத்தில் ‘இல்லை’ என்று டிக் பண்ணிவிட்டார், அவரை ஒரு ஈ காக்காய்கூடக் கேட்கவில்லை என்று.

அன்றைக்கே இவர் ஃபாரம் கட்டுகளை எல்லாம் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இனிமே இது என் டிபார்ட்மென்ட்மா. ஃபாரத்துல உண்மையைக் கேக்கறதில்ல. பதிலைத்தான் கேக்கறாங்க.”

டாக்டரம்மாவுக்கும் தொல்லை விட்டது. அதன்பிறகு அவர் வாயால் சொல்வார், இவர் எழுதுவார், அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அவர் வாயிலிருந்து இவர் கைக்கு வருகிற வழியில் சில பதில்கள் கொஞ்சம் தேறிக்கொள்ளும். அதனால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை. கிளினிக் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நிம்மதியாக நடந்தது.

போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. நாலு பக்கம், கூடவே ஸ்டாம்ப் ஒட்டின உறை. டாக்டர்களிடம் ஒரு சர்வே எடுக்கிறார்களாம். பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்துபோன நோயாளிகளுக்குக் கடைசி நாட்களில் டாக்டர்கள் என்ன செய்கிறார்கள், யாரைக் கேட்டுச் செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், தெரு விலாசம் எதுவும் வேண்டாம், மறைக்காமல் மட்டும் எழுதுங்கள் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மறைக்காமல் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே அரைமாத்திரை உஷாராகிவிட்டார்.

டாக்டரம்மா வாஷ்பேசினில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். இவர் ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் இரண்டு கேள்வி சாதாரணம். மூன்றாவது, வலிக்கு மருந்து கொடுக்கும்போது, உயிர் சற்று முன்னாலேயே போய்விடலாம் என்று தெரிந்தும், அளவைக் கூட்டிக் கொடுத்ததுண்டா என்று இருந்தது.

“ஆமா,” என்றார் டாக்டரம்மா, தண்ணீரை நிறுத்தாமலே.

இவர் பேனா நின்றது. எதைச் சொல்கிறார் என்று இவருக்குத் தெரியும். சைக்கிள் கடைக்காரர். ஆளைப் பார்த்தால் கதவுக்கு அளவெடுத்த மாதிரி இருப்பார், எலும்பில் கட்டி வந்து ஒரு வருஷத்தில் குச்சியாகிவிட்டார். கடைக்கு மேலேயே வீடு. ஒரு மத்தியானம் போனபோது, கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கையை அவரால் விடவே முடியவில்லை. விட்டால் கத்திவிடுவேன் என்று பயம். கீழே மகள் கடையில் இருக்கிறாள், அவள் காதில் விழக்கூடாது. டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரிடம் வெளிப்படையாகவே பேசினார். இந்த அளவில் வலி அடங்கவில்லை, கூட்டினால் அடங்கும், ஆனால் இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது, என்ன செய்யட்டும் என்றார். சைக்கிள் கடைக்காரர் கண்ணை மூடித் திறந்து, கூட்டுங்கம்மா என்றார். டாக்டரம்மா அளவைச் சொன்னார். ஊசியில் ஏற்றினது அரைமாத்திரை. பத்து நிமிஷத்தில் கை தானாகச் சட்டத்தை விட்டது. மறுநாள் விடிகிற நேரத்தில் ஆள் போய்விட்டார்.

“எழுதிட்டியா?” என்றார் டாக்டரம்மா.

“எழுதிட்டேன்மா.”

எழுதினது ‘இல்லை’. நாலாவது, ஐந்தாவது எல்லாவற்றிலும் அதே. ஃபாரத்தில் பெயர் இல்லைதான், ஆனால் உறையில் தபால் முத்திரை விழும். இந்தப் பக்கத்தில் சாகக் கிடக்கிறவர்கள் வீட்டுக்குப் போகிற டாக்டர் மொத்தம் இரண்டு பேர், அதில் ஒருவருக்கு அந்த வருஷம் பூரா கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தது. கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகமா வேண்டும். கடைசிக் கேள்வி, மேலே உள்ள கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதினீர்களா என்று இருந்தது. அழுத்தி ‘ஆம்’ போட்டார். அவர் தன் இஷ்டப்படி அந்த ஃபாரத்தில் போட்ட ஒரே ‘ஆம்’ அதுதான்.

எட்டு மாதம் கழித்து, சர்வேயின் முடிவைச் சொல்கிறோம், எல்லா டாக்டரும் வாருங்கள் என்று அழைப்பு வந்தது. டாக்டரம்மா இந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போகிற ஆள் இல்லை. இதற்கு மட்டும் நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்கூட்டியே வந்து காரில் உட்கார்ந்துவிட்டார். போகிற வழியில் தானாகவே பேசினார்.

“என்னோடது ஒண்ணு இருக்கும். இன்னும் எத்தனை பேர் எழுதியிருக்காங்கன்னு பாக்கணும். நான் ஒருத்திதான் இப்படியான்னு இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்குப்பா. வெளியில யார்கிட்ட கேக்கறது? கேட்டாலும் எவன் சொல்வான்?”

அரைமாத்திரை கியரை மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றினார். இந்த அம்மா இதை ஒரு பொருட்டாக வைத்திருப்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. போய்விட்ட ஃபாரம் போய்விட்டது, அதைப் போய் யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் இருந்தார். சர்வே என்றாலே எண்ணுவதுதான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹாலில் டாக்டர்கள் முன்வரிசைகளில். கூட வந்தவர்கள் பின்னால், டீ மேஜைப் பக்கம். டிரைவர்கள், ஆஸ்பத்திரி உதவியாளர்கள், நர்ஸ் இரண்டு பேர். அந்த இடத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. இதய டாக்டரின் டிரைவர் டீயை ஊதிக்கொண்டே, அந்த நாலு பக்க ஃபாரமா, எங்கள் சார் என் மடியில்தான் போட்டார், கார் சர்வீசுக்கு விட்ட இடத்தில் உட்கார்ந்து போட்டேன், எல்லாம் ‘இல்லை’ என்றார். எதற்கு வம்பு என்று ஒரு உதவியாளர் சேர்ந்துகொண்டார். மூத்த நர்ஸ் அம்மா கொஞ்சம் தயங்கி, எங்கள் டாக்டர் சொன்னதைத்தான் எழுதினேன், மூன்றாவது மட்டும் மாற்றிவிட்டேன், அதைப் படிக்கவே எனக்குப் பயமாக இருந்தது என்றார்.

“அப்ப நாமதான் இந்த ஊர் டாக்டருங்க,” என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அரைமாத்திரையும் சிரித்தார்.

மேடையில் சர்வே எடுத்த பெண் பேசினாள். முப்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். ஒவ்வொரு கேள்வியாகத் திரையில் வந்தது. மூன்றாவது கேள்வி வந்தது. அதன் கீழே ‘ஆம்’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு பூஜ்யம்.

“இருநூத்திப் பதினாலு பேர் எழுதியிருக்காங்க,” என்றாள் அவள். “ஒருத்தர்கூட இல்லை. கடைசிக் கேள்விக்கு, மறைக்காம எழுதினேன்னு இருநூத்திப் பதினாலு பேரும் சொல்லியிருக்காங்க.”

ஹாலில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. யாரோ கைகூடத் தட்டினார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதினாலில் நூறு ‘ஆம்’ இருந்திருந்தால் அரைமாத்திரை தப்பித்திருப்பார். பத்து இருந்தாலும் தப்பித்திருப்பார். அந்த ஒற்றைப் பூஜ்யம் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டது. டாக்டரம்மா மெதுவாகத் திரும்பி, பின்வரிசையில் தேடினார். அரைமாத்திரை சட்டென்று குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். காலில் போட்டிருந்தது செருப்பு.

திரும்பி வந்து காரிலிருந்து இறங்கும்போது டாக்டரம்மா சொன்னார், “நாளைக்குக் காலையில நீங்க எட்டு மணிக்கு வந்தாப் போதும்.”

நீங்க. முப்பத்தோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இவருக்கு வராத வார்த்தை. முட்டாள், தடியன், மண்ணாங்கட்டி எல்லாம் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் இவர் பூமாலை மாதிரி வாங்கிக்கொண்டிருக்கிறார். இது கல் மாதிரி விழுந்தது. அடுத்த நாலு நாளும் அப்படியே. அந்தப் பாட்டிலை எடுங்க, பெட்டியை வைங்க, தயவுசெய்து கதவைச் சாத்துங்க. வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, என்னப்பா, உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா என்று ரகசியமாகக் கேட்டார். அன்றைக்கு வெட்டின மாத்திரையில் ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி சிறிதாகவும் போனது.

வீட்டில் மனைவிக்கு ஆஸ்பத்திரித் தலையணை உறை தைக்கிற வேலை. மெஷினைவிட்டு அசையாமலே வீட்டில் நடப்பது அத்தனையும் தெரிந்து வைத்திருப்பவள். ஐந்தாம் நாள், சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் எழுந்தவரைப் பிடித்து உட்கார வைத்தாள். விஷயத்தைக் கக்க வைத்தாள். இவர் சொன்னார், நான் அந்த அம்மாவைக் காப்பாற்றத்தானே செய்தேன், அது ஏன் அவருக்குப் புரியவில்லை என்று.

மனைவி மறுபடி மிதியை மிதிக்க ஆரம்பித்தாள்.

“அந்த ஊசியில மருந்தை ஏத்துனது யாரு?”

“நான்தான்.”

“அப்ப யாரைக் காப்பாத்த எழுதுனீங்கன்னு நல்லா யோசிச்சுக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை என்று முடிப்பது அவள் வழக்கம். ஊசியை ஏற்றின அந்த மத்தியானத்திலிருந்து, யாராவது வந்து அளவைக் கேட்டால் என்ன சொல்வது என்று எத்தனை தடவை அரைமாத்திரை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறார். ‘இல்லை’ போடும்போது டாக்டரம்மா முகம் கண்ணில் தெரிந்தது உண்மை. அதற்குப் பின்னால் தன் முகமும் தெரிந்தது என்பதும் உண்மைதான்.

மறுநாள் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி. நீளமான வராந்தாவில் கடைசி அறை. உள்ளே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்து, அவற்றுக்கு நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி நெற்றியில். இவர் நின்றுகொண்டே சொன்னார். எந்த டாக்டர் என்று சொல்லவில்லை. அந்த மூன்றாவது கேள்விக்கு ஒரு ‘ஆம்’ இருந்தது மேடம், அதை நான்தான் ‘இல்லை’ ஆக்கினேன், அதை மாற்றித் தர வேண்டும் என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. டாக்டருக்கு வந்த ஃபாரத்தை நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். டாக்டர் ஃபாரத்தை வேறு யார் எழுதுவார்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். இவருக்கு அது அவ்வளவு சாதாரணம். டிரைவர் எழுதுவார், நர்ஸ் எழுதுவார், பெரிய டாக்டர் என்றால் அவர் மனைவி எழுதுவார், அவர்களுக்கு ஏது நேரம் என்றார். டீ மேஜைப் பக்கம் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். ஆனால் அவள் புத்திசாலி. கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, அந்த இருநூற்றுப் பதினாலு ஃபாரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“எட்டு மாசம்,” என்றாள் கைக்குள்ளிருந்து.

பாவமாகிவிட்டது இவருக்கு. “நீங்க எண்ணுனதுல ஒரு தப்பும் இல்ல மேடம். ஆளுதான் மாறிப்போச்சு,” என்றார்.

பழைய ஃபாரத்தை மாற்ற முடியாது என்று அவள் விளக்கினாள். பெயர் இல்லாததால் எது இவருடையது என்று அவளுக்கே தெரியாது, பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து அனுப்பத்தான் வேண்டும், இந்தத் தடவை டாக்டர் தன் கையாலேயே நிரப்ப வேண்டும் என்று மேலே அச்சடித்துவிடலாம் என்றாள்.

“அதுக்கும் ஒரு கட்டம் போடாதீங்க மேடம். போட்டா அதையும் நாங்கதான் டிக் பண்ணுவோம்.”

இந்தத் தடவை அவள் முழுசாகச் சிரித்தாள். ஒரு புது ஃபாரமும் உறையும் எடுத்துக் கொடுத்தாள். இது அவரே எழுதட்டும், நீங்கள் தபாலில் போடுங்கள் என்றாள். எந்த டாக்டர் என்று அவளும் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை நோயாளிகள் எல்லாம் போன பிறகு, அரைமாத்திரை அந்த ஃபாரத்தைக் கொண்டுபோய் டாக்டரம்மா மேஜையில் வைத்தார். பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தார். வயிற்றுவலி பொய், பல்கலைக்கழகத்துக்குப் போனேன் என்றார். போன தடவை நான் எழுதினது உங்களுக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான் என்றார். அதைச் சொல்லும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினார். முதல் இரண்டையும் சுலபமாக டிக் பண்ணினார். மூன்றாவதில் பேனாமுனை கட்டத்துக்கு மேலே போய் நின்றது. நின்றது நின்றதுதான். வாஷ்பேசின் குழாயில் சொட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே ஒரு ஆட்டோ வந்து, ஆளை இறக்கி, திரும்பிப் போனது. பேனா அங்கேயே இருந்தது.

“வாயால சொன்னப்ப சுலபமா இருந்துச்சுப்பா,” என்றார். “கைக்கு வந்தா வேற மாதிரி இருக்கு. நீ ஏன் அப்படி எழுதுனேன்னு இப்பத்தான் தெரியுது.”

இந்த இடத்தில் வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கை திரும்பிவிடும் என்று அரைமாத்திரைக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா ‘ஆம்’ போட்டார். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. நாலாவது, நோயாளியிடம் பேசிச் சம்மதம் கேட்டீர்களா. ‘ஆம்’. அது நேராக விழுந்தது. ஐந்தாவது, நோயாளி சம்மதித்திருந்தால், குடும்பத்தாரிடம் விஷயத்தைச் சொன்னீர்களா. டாக்டரம்மாவின் பேனா யோசிக்காமல் ‘ஆம்’ பக்கம் போனது.

“அது இல்லம்மா,” என்றார் அரைமாத்திரை.

“எது இல்ல? சைக்கிள் கடைக்காரர் பொண்ணுகிட்ட நான் சொன்னேனே. மாடிப்படியிலேயே நின்னு சொன்னேன்.”

“நல்லாத் தூங்குவார்னு சொன்னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க.”

டாக்டரம்மாவின் கை நின்றது. அவருக்கு அந்தப் படி ஞாபகம் இருந்தது, அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் இருந்தது. சொன்ன வார்த்தை மட்டும் இத்தனை நாளில் மனசுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்ட மாதிரி ஆகியிருந்தது. அரைமாத்திரைக்கு அப்படி ஆகவில்லை. ஆக வழியில்லை. அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதும் இல்லை. இப்போது சொன்னார்.

“நீங்க கார்ல ஏறிட்டீங்க. நான் பெட்டியை எடுத்துக்கிட்டு இறங்கி வர்றேன், அந்தப் பொண்ணு கடை வாசல்ல நிக்குது. அண்ணே, மருந்தைக் கூட்டியிருக்கா, இன்னைக்கு நான் அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கணுமான்னு கேட்டுச்சு. வழக்கமான மருந்துதாம்மா, நீ போய்த் தூங்குன்னு சொல்லிட்டேன். அது ரெண்டு நாளா கண்ணு மூடல. போய்ப் படுத்திருச்சு. விடிஞ்சு எழுந்து பாத்தா அவர் இல்ல.”

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அது எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் நடுவில் நின்றது.

“இதை ஏன்டா இத்தனை நாளா சொல்லல?”

“நீங்க கேக்கலம்மா.”

டாக்டரம்மா குனிந்து ஐந்தாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் பண்ணினார். மூன்றாவதுக்கு ஆன நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆனது. கடைசிக் கேள்வியைப் படித்தார், ‘ஆம்’ போட்டார், உறையில் வைத்து நாக்கில் தொட்டு ஒட்டி இவர் கையில் கொடுத்தார். இந்தா, ஒழுங்கா பெட்டியில போடு என்றார். தெருமுனைத் தபால் பெட்டியில் இவர் போடும்போது காரில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பார்க்க வேண்டிய நோயாளிகள் மூன்று பேர். முதல் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போ என்றார். நேராகப் போனால் எங்கே வரும் என்று இவருக்குத் தெரியும்.

“அம்மா, அது ஃபாரத்துல சேராது. முன்னாடி சொன்னீங்களான்னுதான் கேட்டிருக்கு. இப்பப் போய்ச் சொன்னா அந்தப் பதில் மாறாது.”

“ஃபாரத்துக்காகப் போகல. ஓட்டு.”

“அந்தப் பொண்ணு கோபப்பட்டா? போலீசு அது இதுன்னு போனா?”

“போகட்டும். போற உரிமை அதுக்கு இருக்குல்ல. வழியைப் பாத்து ஓட்டு.”

சைக்கிள் கடையை இப்போது மகள்தான் நடத்துகிறாள். வாசலில் வரிசையாகச் சைக்கிள்கள், சுவரில் ஆணி அடித்து மாட்டின டியூப்கள், பெரிய இரும்புத் தொட்டியில் கலங்கின தண்ணீர். காற்றடித்த டியூபைத் தண்ணீருக்குள் அழுத்தி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கிரீஸ். கார் நின்றதும் அரைமாத்திரை கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. டாக்டரம்மா இறங்கி, கதவைச் சாத்தாமல் குனிந்து உள்ளே பார்த்தார்.

“நீயும் வா. ஏத்துனது ரெண்டு பேரும்தானே.”

இறங்கினார். டாக்டரம்மாவுக்கு முன்னால் போனார், அது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், வாங்கண்ணே, டாக்டரம்மாவும் வந்திருக்காங்க, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

“யாருக்கும் இல்லம்மா,” என்றார் அரைமாத்திரை. “அன்னைக்கு இந்த வாசல்ல நின்னு என்கிட்ட ஒண்ணு கேட்டே. மருந்தைக் கூட்டியிருக்கான்னு. நான் பொய் சொல்லிட்டேன்.”

அவள் டியூபை அழுத்தியிருந்த கையை எடுத்தாள். அது மேலே மிதந்து வந்தது. கையைத் துணியில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. டாக்டரம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு ஸ்டூலை எடுத்து வந்து நிழலில் போட்டாள். தனக்கு ஒரு பழைய டயரைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க,” என்றாள்.